டீ கிளாஸ் அளவு டேட்டா, தண்ணீர் கேன் அளவு ஃபோம்: விமானத்தை 'உடைத்துப் பார்க்கும்' சாஃப்ட்வேரை எவ்வளவு நம்பலாம்?

2025-இல் நான்கு மாத இடைவெளியில் இரண்டு பெரிய நிறுவனங்கள் கைமாறின. மார்ச்சில் ஜெர்மனியின் சீமென்ஸ், ஆல்டேர் என்ற அமெரிக்க நிறுவனத்தைச் சுமார் 1,000 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. ஜூலையில், சிப் டிசைன் சாஃப்ட்வேர் விற்கும் சினாப்சிஸ் நிறுவனம் ஆன்சிஸைச் சுமார் 3,500 கோடி டாலருக்கு வாங்கியது. வணிகப் பக்கத்தோடு முடிந்துபோன செய்திகள். சென்னையிலோ பெங்களூருவிலோ சிஏஇ வேலையில் இருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவர் மட்டும் இதை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்திருப்பார்.

இந்த இரு நிறுவனங்களின் கையிலும் ஒரே மாதிரியான சரக்கு ஒன்று இருக்கிறது. ஆல்டேரிடம் 'ரேடியாஸ்', ஆன்சிஸிடம் 'எல்எஸ்-டைனா'. கார் சுவரில் மோதினால், பறவை இன்ஜினுக்குள் போனால், கல் இறக்கையில் பட்டால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே உடைத்துப் பார்க்கும் சாஃப்ட்வேர்கள் இவை. எல்எஸ்-டைனாவின் பூர்விகம் கொஞ்சம் கிலி தருவது. 1976-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், விமானத்திலிருந்து போடப்படும் அணுகுண்டு தரையில் மோதும்போது அதன் உடல் என்னவாகும் என்று கணக்கிடத்தான் இதன் முதல் வடிவம் எழுதப்பட்டது.

இன்று நாம் ஏறும் விமானங்கள் வரை வந்துவிட்டது அது. போயிங் 787-இன் எடையில் சுமார் பாதி காம்போசிட், அதாவது கார்பன் ஃபைபர் போன்ற இழைகளைப் பிசினில் பதித்துச் செய்யும் கூட்டுப்பொருள். இண்டிகோவின் ஏ320 நியோ ரக விமானங்கள் பலவற்றில் இருக்கும் லீப் இன்ஜினின் ஃபேன் பிளேடுகளும் காம்போசிட்தான். இவற்றின் மேல் ஏதாவது வேகமாக மோதினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இப்போது திரையில்தான் தேடப்படுகிறது.

அந்த விடையை எவ்வளவு நம்புவது? இதற்கான பாடம் 2003-லேயே எழுதப்பட்டுவிட்டது. கொடுத்த விலை ஏழு உயிர்கள்.

கொலம்பியா மேல் மோதியது என்ன?

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்வெளி ஓடம் ஃபுளோரிடாவிலிருந்து கிளம்புகிறது. உள்ளே கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். (துணிச்சலான பெண்களுக்குத் தமிழக அரசு ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் தரும் விருது இவர் பெயரில்தான் இருக்கிறது.) கிளம்பிய 82-வது விநாடியில், பெரிய எரிபொருள் தொட்டியின் மேல் பூசியிருந்த ஃபோமில் ஒரு துண்டு பிய்ந்து, இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது.

ஃபோம் என்றால் ஃப்ரிட்ஜ் சுவருக்குள் அடைத்திருக்குமே, கிட்டத்தட்ட அதே வகை. எடை சுமார் முக்கால் கிலோ. கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி. "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், தொட்டியிலிருந்து பிய்ந்த உடனே காற்று அந்தத் துண்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துவிட்டது. ஓடமோ ஒலியைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஃபோம் ஓடத்தை அடித்தது என்பதைவிட, ஓடம் போய் ஃபோமில் மோதியது என்பதே சரி. இரண்டுக்கும் இடையிலான வேகம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர். கணக்குப் போட்டால், ஒரு டன் கார் 23 கி.மீ. வேகத்தில் சுவரில் இடிக்கும் ஆற்றல். அதுவும் காரின் முழு முகப்பில் பரவாமல், ஒரு சின்ன இடத்தில்.

அடிபட்ட இடத்தில் இருந்தது 'ரீஇன்ஃபோர்ஸ்டு கார்பன்-கார்பன்' என்ற காம்போசிட். கார்பன் இழையைக் கார்பனிலேயே பதித்து, மேலே சிலிக்கான் கார்பைடு பூசிய பலகைகள். ஒவ்வொரு இறக்கைக்கும் 22. பூமிக்குத் திரும்பும்போது 1,600 டிகிரிக்கும் மேலான வெப்பத்தைத் தாங்குவதற்காகவே செய்தவை. வெப்பத்தைத் தாங்கும், சரி. அடியைத் தாங்குமா?

மோதல் நடந்தது மறுநாளே வீடியோவில் தெரிந்துவிட்டது. ஓடம் இன்னும் இரண்டு வாரம் விண்வெளியில் இருக்கும். யோசிக்க நேரம் இருந்தது. அப்போதுதான் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள்.

50 மில்லி எங்கே, 20 லிட்டர் எங்கே?

பயன்படுத்திய கருவியின் பெயர் 'கிரேட்டர்'. இன்றைய சிமுலேஷன் போல இதில் முப்பரிமாணப் படம் எதுவும் இல்லை. பழைய சோதனை முடிவுகளுக்குப் பொருந்துகிற மாதிரி எழுதிய ஒரு சமன்பாடு, அவ்ளோதான். மோதும் பொருளின் அளவு, வேகம், கோணத்தைக் கொடுத்தால், ஓடத்தின் வெப்பத் தடுப்பு ஓடு எவ்வளவு ஆழம் பெயரும் என்று சொல்லும். பெரும்பாலும் தொட்டியில் படியும் சின்னச் சின்ன ஐஸ் துண்டுகளுக்காகத்தான் பயன்பட்டுவந்தது.

பிரச்சினை இங்கதான். கிரேட்டரைச் சரிபார்க்கப் பயன்பட்ட ஃபோம் துண்டுகளின் அளவு 3 கன அங்குலம். அதாவது சுமார் 50 மில்லி, ஒரு சின்ன டீ கிளாஸ். கொலம்பியாவில் மோதிய துண்டு, பிற்பாடு விசாரணைக் குழு கணித்தபடி, சுமார் 1,200 கன அங்குலம். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் அளவு. 400 மடங்கு வித்தியாசம்!

பறந்துகொண்டிருக்கும் ஓடத்துக்காக இந்தக் கருவியைப் பயன்படுத்தியதும் அதுவே முதல்முறை.

அப்படியும் கிரேட்டர் அபாயத்தைக் காட்டத்தான் செய்தது என்பது கொடுமை. ஓடு எவ்வளவு தடிமனோ அதைவிட அதிக ஆழத்துக்குச் சேதம் போகும் என்றது. ஆனால் கிரேட்டருக்கு ஒரு பெயர் உண்டு: 'எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்'. ஓட்டின் அடிப்பகுதி கெட்டியானது. அதை இந்தச் சமன்பாடு கணக்கில் எடுக்காது. ஆகவே அந்த விடையை ஆய்வாளர்கள் தள்ளுபடி செய்தார்கள். டீ கிளாஸ் அளவில் 'கூட்டிச் சொல்லும்' கருவி, கேன் அளவிலும் கூட்டித்தான் சொல்லும் என்பதற்கு என்ன ஆதாரம்? எதுவும் இல்லை.

கார்பன் பலகை விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். அதற்கு இருந்தது சிறிய ஐஸ் துண்டுகளை அடித்துப் பார்த்த டேட்டா. 15 டிகிரிக்கு மேலான கோணத்தில் மோதினால் ஓட்டை விழும் என்றது அந்தக் கணக்கு. ஃபோம் ஐஸைவிட அடர்த்தி குறைந்தது, எனவே 21 டிகிரி வரைகூடத் தாங்கும் என்று அனுபவத்தை வைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த இடத்தில் பேசியது கம்ப்யூட்டர் இல்லை. கம்ப்யூட்டர் போட்ட கோட்டுக்கு வெளியே மனிதர்கள் தங்கள் கையால் நீட்டிக்கொண்ட கோடு.

ஜனவரி 24 அன்று இதெல்லாம் பவர்பாயின்ட் ஸ்லைடுகளாக மேலிடத்துக்குப் போனது. அதில் ஒரு ஸ்லைடு இன்றைக்கும் கல்லூரிகளில் பாடமாக நடத்தப்படுகிறது. தலைப்பைப் பார்த்தால், சோதனை டேட்டா நமக்குச் சாதகமாகவே இருக்கிறது என்ற தொனி. உண்மையான குண்டு கடைசி வரிகளில்: இந்த மோதல் சோதனை எல்லைக்கு வெகு வெளியே இருக்கிறது, சோதனையில் 3 கன அங்குலம், இங்கே 1,920. (அன்றைய மதிப்பீடு அது, அதன்படி 640 மடங்கு.) பொய் எதுவும் எழுதவில்லை. தேவையான எண் அங்கேயே இருந்தது. கடைசியில் இருந்தது.

சேதத்தை நேரில் பார்க்க ராணுவக் கேமராக்களில் படம் எடுத்துத் தாருங்கள் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மூன்று தனித்தனி முயற்சிகள். எதுவும் நிறைவேறவில்லை. பிப்ரவரி 1 அன்று, தரையிறங்க 16 நிமிடங்கள் இருந்தபோது, டெக்சாஸ் வானத்தில் கொலம்பியா சிதறியது.

ஜூலை 7: துப்பாக்கி சொன்ன பதில்

விபத்துக்குப் பிறகும்கூட, 'ஃபோம் போய் இதைச் செய்திருக்குமா?' என்ற சந்தேகம் நாசாவுக்குள்ளேயே பலருக்கு இருந்தது. விவாதத்தை முடித்தது ஒரு சோதனை. சான் அன்டோனியோவில் இருக்கும் சவுத்வெஸ்ட் ஆய்வு நிறுவனத்தில், அழுத்திய வாயுவால் சுடும் பெரிய துப்பாக்கி ஒன்றில் முக்கால் கிலோ ஃபோமை வைத்து, அட்லாண்டிஸ் ஓடத்திலிருந்து கழற்றிய உண்மையான கார்பன் பலகையின் மேல் சுட்டார்கள்.

முதலில் ஜூன் மாதம், ஆறாம் எண் பலகையில். சில அங்குல நீளத்துக்கு ஒரு விரிசல் மட்டும் வந்தது. அந்தப் பலகை டிஸ்கவரி ஓடத்தினுடையது. ஜூலை 7 அன்று அட்லாண்டிஸின் எட்டாம் எண் பலகை. கொலம்பியாவில் அடிபட்டதாக விசாரணைக் குழு கருதியதும் எட்டாம் எண்தான். இந்த முறை சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை. ஒரு ஆளின் தலையும் தோளும் நுழையலாம்.

இரண்டு சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ அதே ஃபோம், அதே வேகம். பலகையும் அடிபட்ட இடமும் மாறியதும் விடை விரிசலிலிருந்து ஓட்டைக்குத் தாவிவிட்டது. காம்போசிட்டின் குணமே இதுதான்.

காம்போசிட் ஏன் இப்படிப் படுத்துகிறது?

அலுமினியத் தகட்டில் சுத்தியலால் தட்டினால் பள்ளம் விழும். உலோகம் வளைந்து, நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு வாங்கியது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

காம்போசிட் வேறு ஜாதி. பரோட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்கடுக்காக இழைகள், ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு திசையில், நடுவில் பிசின். பரோட்டா மாஸ்டர் இரண்டு பக்கமும் தட்டினதும் என்ன ஆகிறது? மேலே பார்த்தால் முழுசாகத்தான் இருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டிருக்கும். காம்போசிட்டில் இதற்குப் பெயர் 'டிலாமினேஷன்'. மேலே லேசான தடம், உள்ளே உள்ளங்கை அளவுக்குப் பிளவு என்பதெல்லாம் சாதாரணம். விமானப் பராமரிப்பு ஊழியர்கள் மேற்பரப்பைத் தட்டிச் சத்தத்தைக் கேட்பதும், அல்ட்ராசவுண்ட் வைத்து ஸ்கேன் செய்வதும் இதனால்தான்.

பிளவு ஒரு வகை. பிசினில் விரிசல் இன்னொரு வகை. இழையே அறுவது மூன்றாவது. மூன்றும் ஒன்றையொன்று தூண்டிவிடும். எது முதலில் வரும் என்பது வேகம், கோணம், அடுக்குகளின் திசை, மோதும் பொருள் மெத்தென்று இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது. வேகம் கூடக் கூடப் பிசினின் குணமே மாறும். மெதுவாக இழுத்து அளந்த வலிமையை, மில்லி விநாடியில் முடியும் மோதலுக்கு அப்படியே போட முடியாது.

திரையில் நடப்பது என்ன?

இன்றைய சாஃப்ட்வேர் கிரேட்டர் மாதிரி ஒற்றைச் சமன்பாடு இல்லை. பொருளை லட்சக்கணக்கான குட்டிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் விசை, நகர்வு, அழுத்தம் எல்லாம் கணக்கிடுகிறது. பிறகு நேரத்தைத் துளி நகர்த்தி மறுபடியும் முதலிலிருந்து. அந்தத் துளி எவ்வளவு? ஒரு கட்டத்தை ஒலி அலை கடக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் கட்டத்துக்கு அது ஒரு மைக்ரோ விநாடி அளவு. ஆக, சில மில்லி விநாடி மோதலுக்கே ஆயிரக்கணக்கான தவணைகள். ராத்திரி ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் வந்து பார்ப்பது சிஏஇ ஆட்களின் வழக்கம்.

வெளிவரும் வீடியோ அசத்தலாக இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், ஸ்லோ மோஷனில் சிதறும் துண்டுகள். ஆனால் அந்தச் சிதறல் எப்படி வருகிறது என்று கேட்டால்தான் சுவாரசியம். ஒரு கட்டத்தில் அழுத்தம் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால், சாஃப்ட்வேர் அந்தக் கட்டத்தையே அழித்துவிடும். உண்மையில் எந்தப் பொருளும் இப்படி மாயமாவதில்லை. கட்டத்தைச் சிறிதாக்கினால் விடை மாறும். பெரிதாக்கினாலும் மாறும்.

இன்னொன்றும் உண்டு. காம்போசிட்டுக்கான சில கணக்கு முறைகளில், எந்தச் சோதனைக்கூடத்திலும் அளக்க முடியாத எண்கள் இருக்கின்றன. அடிபட்ட கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டம் எவ்வளவு பலவீனமாகும் என்பது மாதிரி. என்ன செய்வார்கள்? உண்மையான சோதனை முடிவோடு ஒத்துப்போகும்வரை அந்த எண்ணைத் திருகித் திருகிப் பார்ப்பார்கள். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது மாதிரி. இது ஏமாற்று வேலை இல்லை. துறையில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. ஆனால் அப்படிப் பிடித்த ஸ்டேஷன், அந்தத் தடிமனுக்கும் அந்த வேகத்துக்கும் மட்டும் பிடித்தது. தடிமனை மாற்றினால் மறுபடி திருக வேண்டும். ரிப்போர்ட்டில் "சோதனையோடு பொருந்துகிறது" என்று ஒரு வரி வரும். எந்தச் சோதனையோடு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் சிமுலேஷனே வேண்டாமா? அதுவும் அபத்தம். கொலம்பியாவுக்குப் பிறகு நாசாவே எல்எஸ்-டைனாவுக்குத்தான் போனது. போன விதம் வேறு. ஃபோமை வேகமாக நசுக்கி அளந்தார்கள். கார்பன் பலகையிலிருந்து சின்னத் துண்டுகளை வெட்டி அளந்தார்கள். பலகைகளின் மேல் சுட்டு, கணக்கும் நிஜமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான், எவ்வளவு பெரிய துண்டு வரை ஆபத்தில்லை என்ற கேள்வியைச் சாஃப்ட்வேரிடம் கேட்டார்கள். எல்லாச் சேர்க்கைகளையும் நிஜத்தில் சுட்டுப் பார்க்க அத்தனை பலகைகள் யாரிடமும் கிடையாது. அந்த இடத்தில் சிமுலேஷனுக்கு மாற்று இல்லை.

2005 ஜூலையில் டிஸ்கவரி கிளம்பியபோதும் தொட்டியிலிருந்து ஒரு பெரிய ஃபோம் துண்டு பிய்ந்தது. நல்லவேளை, ஓடத்துக்குச் சேதமில்லை. ஆனாலும் இந்த முறை சாஃப்ட்வேரோடு விட்டுவிடவில்லை. புதிதாகப் பொருத்திய நீண்ட கம்பத்தின் முனையில் இருந்த கேமராவும் லேசர் கருவிகளும் விண்வெளியிலேயே இறக்கையின் விளிம்பைத் துழாவிப் பார்த்தன.

கோழி கவிழ்த்த கம்பெனி

விமான இன்ஜின் துறைக்கு இந்தப் பாடம் இன்னும் முன்னாடியே கிடைத்தது. 1960-களின் இறுதியில் ரோல்ஸ் ராய்ஸ், ஆர்பி211 இன்ஜினுக்கு 'ஹைஃபில்' என்ற கார்பன் ஃபைபர் பிளேடுகளைச் செய்தது. எடை குறைவு, மற்ற சோதனைகளிலெல்லாம் பாஸ். 1970 மே மாதம் பறவை மோதலைச் சோதிக்க ஒரு கோழியை வேகமாக உள்ளே சுட்டார்கள். பிளேடுகள் நொறுங்கின. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. ஏற்கெனவே எகிறிக்கொண்டிருந்த செலவு இன்னும் எகிறியது. 1971 பிப்ரவரியில் நிறுவனம் திவாலாகி, பிரிட்டிஷ் அரசு தலையிட்டுக் காப்பாற்ற வேண்டி வந்தது. கோழி மட்டும் காரணமில்லை, ஆனால் கோழிக்கும் பங்கு உண்டு.

காம்போசிட் பிளேடு வணிகப் பயணத்துக்கு வந்தது 1995-இல், ஜிஇ90 இன்ஜினில். பறவை முதலில் படும் முன்விளிம்பில் டைட்டானியக் கவசம் போட்டிருந்தார்கள். லீப் பிளேடிலும் அந்தக் கவசம் உண்டு. இன்றைக்கும் இன்ஜின் சான்றிதழ் விதிகளில் பறவைச் சோதனை இருக்கிறது. இன்ஜினின் வாய் அளவைப் பொறுத்து 3.65 கிலோ பறவை வரை. சிமுலேஷன் இதற்கு முந்தைய கட்டத்தில் உதவுகிறது: எந்த டிசைன் தேறும், பிளேடின் எந்த இடத்தில் பட்டால் மோசம் என்று கண்டுபிடிக்க. சோதனைக்கு வரும்போது ஆச்சரியம் எதுவும் இருக்கக் கூடாது என்பது நோக்கம்.

அடுத்தது ஏஐ

இனிமேல் வரப்போவது இன்னும் வேகமானது. 45 பில்லியன் டாலர் கைமாறியதற்குப் பின்னால் இருக்கும் கனவுகளில் இதுவும் ஒன்று: பழைய சிமுலேஷன் முடிவுகளை ஏஐ-க்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், ராத்திரி முழுக்க ஓடிய கணக்கு விநாடிகளில் வந்துவிடும். ஆல்டேர், ஆன்சிஸ் இரண்டிடமும் இப்படிப்பட்ட கருவிகள் ஏற்கெனவே விற்பனையில் உள்ளன. டிசைன் ஆரம்பத்தில் நூறு யோசனைகளைச் சலித்தெடுக்க இது அருமையான விஷயம். ஒரு நாளைக்கு மூன்று டிசைன் பார்த்த இடத்தில் முந்நூறு பார்க்கலாம்.

ஆனால் தூரம் கூடியிருப்பதையும் கவனிக்க வேண்டும். ஏஐ கற்றுக்கொண்டது சிமுலேஷனிடமிருந்து. சிமுலேஷனைத் திருகிப் பொருத்தியது சில சோதனைகளோடு. கிரேட்டர் நிஜச் சோதனைக்கு ஒரு படி தள்ளி இருந்தது. இது இரண்டு படி. அதோடு, கிரேட்டர் என்பது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கக்கூடிய சமன்பாடு. ஏஐ மாடல் எந்த எல்லைக்குள் கற்றது என்பது அதைச் செய்தவர் சொன்னால்தான் தெரியும். 400 மடங்கு வெளியே இருக்கும் ஒரு கேள்வியைக் கேட்டாலும் அது தயங்காது. அதே வண்ணங்களில், அதே வேகத்தில் பதில் தரும்.

இந்தச் சிக்கல் தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். கேட்ட கேள்வி, கற்ற டேட்டாவுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு நம்பகத்தன்மை எண்ணையும் சில கருவிகள் சேர்த்தே காட்டுகின்றன. அந்த எண் திரையில் எங்கே இருக்கிறது, மேலதிகாரிக்குப் போகும் ஸ்லைடில் எத்தனையாவது வரியில் வருகிறது என்பது சாஃப்ட்வேர் தீர்மானிக்கும் விஷயம் இல்லை. 2003 ஜனவரி 24 அன்று அது கடைசி வரியில் வந்தது.